நீண்ட நாள் நிற்கப்போகும் டிராக்டர்: ஓட்டி வைப்பதா, உறங்க வைப்பதா?

பருவம் முடிந்து டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் கொட்டகைக்குள் விடும் நாளில் ஆளுக்கொரு யோசனை வரும். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பார் ஒருவர். பேட்டரியைக் கழற்றி, டீசலை வடித்து, சக்கரங்களைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பார் இன்னொருவர். போன வருடமும் அப்படியேதான் நின்றது, ஒன்றும் ஆகவில்லையே என்பார் மூன்றாமவர். மூவரும் தத்தம் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் மூவருடைய இயந்திரமும் ஒன்றல்ல, அவை நின்ற காலமும் ஒன்றல்ல. வண்டி ஆறு மாதம் நிற்குமா இரண்டு ஆண்டு நிற்குமா என்றே இன்னும் உறுதியாகத் தெரியாத நிலையில் எந்த வழியில் போவது என்று தயங்குபவர்களுக்காக, நான்கு வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். நான்கில் எதையும் முழுமையாகச் செய்தால் இயந்திரம் பிழைத்துக்கொள்ளும். பாதி பாதியாகச் செய்வதுதான் அதைக் கெடுக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஓடும் இயந்திரம் தேய்மானத்தால் கெடுகிறது. நிற்கும் இயந்திரம் ஈரத்தாலும், பழைய ஆயிலில் தங்கிய அமிலத்தாலும், கெட்டுப்போன எரிபொருளாலும், தானே இறங்கும் பேட்டரியாலும், எலியாலும் கெடுகிறது. ஆகவே இந்த ஐந்தையும் எந்த வழி எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. அதற்கு விடை காணுமுன் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, காலம். மூன்று மாதத்துக்குள், மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை, ஓராண்டுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும். எவ்வளவு காலம் என்று தெரியாவிட்டால், நினைப்பதைவிட ஒரு படி நீண்ட காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இரண்டு மாதம் என்று நிறுத்திய வண்டிகள் இரண்டு ஆண்டுகள் நிற்பது வழக்கம், மறுபக்கம் நடப்பது அபூர்வம்.

இரண்டாவது, ஆள். குறித்த நாளில் தவறாமல் வந்து, ஒரு மணி நேரம் செலவிட்டு, வண்டியை உண்மையிலேயே வேலை வாங்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரா? சாவியைத் திருப்பத் தெரிந்த ஆளை நான் கேட்கவில்லை. ஆயில் அழுத்தமானி எதைக் காட்டுகிறது என்று பார்க்கத் தெரிந்த ஆளைக் கேட்கிறேன்.

மூன்றாவது, இடம். கூரை இருக்கிறதா, தரை காய்ந்ததா, காற்று உலவுகிறதா என்பவை முக்கியம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும்; உப்போ உரத்தூளோ படிந்த இரும்பு அதற்கும் குறைந்த ஈரத்திலேயே துருவேறும்.

நான்காவது, எஞ்சின் எந்த வகை என்பது. பெட்ரோலில் ஓடும் சிறிய பவர் டில்லருக்கும், பழைய டீசல் டிராக்டருக்கும், மின்னணுக் கட்டுப்பாடும் புகை வடிகட்டியும் உள்ள புதிய டிராக்டருக்கும் ஒரே மருந்து ஒத்துவராது.

## வழி ஒன்று: கழுவி, நிழலில் விட்டுவிடுதல்

பெரும்பாலோர் செய்வது இதுதான்; மூன்று மாதத்துக்குள் என்றால் இதில் பெரிய தவறும் இல்லை. மண்ணையும் வைக்கோலையும் கழுவி நீக்கி, கிரீஸ் அடித்து, டீசல் தொட்டியை நிரப்பி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கூரைக்கு அடியில் நிறுத்த அரை நாள் போதும்.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். கழுவிய பிறகுதான் கிரீஸ் அடிக்க வேண்டும், முன்னால் அல்ல. புதிய கிரீஸ் பேரிங்கின் ஓரத்தில் புகுந்த நீரை வெளியே தள்ளும். முன்பே அடித்துவிட்டுக் கழுவினால் நீர் உள்ளேயே தங்கிவிடும். உயர் அழுத்த நீரை பேரிங், சீல், ரேடியேட்டர் இதழ்கள், மின்இணைப்புகள் ஆகியவற்றின் மீது நேராகப் பாய்ச்சுவது கழுவாமல் விடுவதைவிட மோசமானது.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலம் நீளும்போதுதான் தெரியவரும். பயன்படுத்திய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலங்களும் ஈரமும் கரியும் கலந்திருக்கின்றன. அதே ஆயிலுடன் ஓராண்டு நின்றால் அவை பேரிங் பரப்புகளை மெல்ல அரிக்கும். இணைப்பைக் கழற்றிய பேட்டரியும் தானே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே மூன்று மாதம் ஆறு மாதமாக நீளும் என்று தெரிந்த அன்றே இந்த வழியைக் கைவிட்டுக் கீழுள்ள இரண்டில் ஒன்றுக்கு மாறிவிட வேண்டும்.

## வழி இரண்டு: மாதம் ஒருமுறை ஓட்டி வைத்தல்

சரியாகச் செய்தால் இது நல்ல வழி. ஆயில் எல்லாப் பரப்புகளிலும் மீண்டும் படரும், சீல்கள் உலராமல் இருக்கும், கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளாது, பிரேக் இறுகாது, எலிக்கும் நிம்மதி இருக்காது. திடீரென்று வண்டி தேவைப்பட்டால் அன்றே எடுத்துக்கொண்டு போகலாம். மின்னணுக் கருவிகள் நிறைந்த புதிய டிராக்டருக்கும் ஏசி பொருத்திய கேபினுக்கும் இது குறிப்பாகப் பொருந்தும்.

ஆனால் நடைமுறையில் இந்த வழியின் பெயரால் செய்யப்படுவது வேறு. கொட்டகைக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் வெற்றோட்டமாக உறுமவிட்டு, சத்தம் நன்றாக இருக்கிறது என்ற திருப்தியோடு அணைத்துவிடுகிறார்கள். இதில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அக்கறையோடு செய்யப்படும் தவறு இது.

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. சூடான எஞ்சினில் அது சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரிலும் சைலன்சருக்குள்ளும் நீராகப் படிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலிலும் இறங்கும். முழுதும் எரியாத டீசலும் அதே வழியில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயில் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் ஓடினால்தான் இந்த ஈரம் ஆவியாகிப் போகும்; டீசல் எஞ்சினோ சுமையில்லாமல் ஓடினால் அவ்வளவு சூட்டை எளிதில் எட்டாது. ஆக, ஐந்து நிமிட ஓட்டம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீரை உள்ளே ஊற்றிவிட்டு மூடிவைப்பதற்குச் சமம். ஸ்டார்ட்டரும் சூடேற்றும் பிளக்குகளும் பேட்டரியிலிருந்து எடுத்ததை அந்த ஐந்து நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்கும் என்ற உறுதியும் இல்லை. புகை வடிகட்டி உள்ள புதிய எஞ்சின்களில் இதனால் கரி சேர்ந்துகொண்டே போகும்; அதை எரித்துச் சுத்தம் செய்யும் சுழற்சி முடிவதற்குள் எஞ்சின் அணைக்கப்பட்டுவிடும்.

அப்படியானால் ஓட்டி வைப்பது என்பதன் சரியான பொருள் என்ன? வண்டியை வெளியே எடுத்து, ஏதேனும் சுமையோடு, குறைந்தது முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓட்ட வேண்டும். ஹைட்ராலிக் கைகளை முழுதாக ஏற்றி இறக்க வேண்டும். எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிரேக்கைப் பலமுறை அழுத்த வேண்டும். நிறுத்தும்போது டயர் முன்பு நின்ற அதே இடம் தரையில் படாதபடி கால் சுற்று தள்ளி நிறுத்த வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதன் மறைமுகச் செலவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் எரிபொருள் செலவாகும், ஓட்ட மணிக்கணக்கு ஏறும், ஆயில் மாற்றும் தேதியும் வழக்கம்போல் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஓர் ஆளின் ஒழுங்கு. முதல் மூன்று மாதம் தவறாமல் நடக்கும். நான்காவது மாதம் மழை, ஐந்தாவது மாதம் வேறு வேலை. பேட்டரி இணைக்கப்பட்டபடியே, தொட்டி பாதி காலியாக, ஆயில் பழையதாக வண்டி அப்போது நின்றுபோகும். வழி ஒன்றின் குறைகள் அத்தனையும் சேர்ந்துகொள்ளும், அதன் முன்னேற்பாடு எதுவும் இருக்காது. ஆள் உறுதியில்லை என்றால் இந்த வழியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

## வழி மூன்று: முழுமையாக உறங்க வைத்தல்

நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும் என்பது உறுதியானால், அல்லது இடையில் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்றால், இதுவே ஏற்றது. வண்டிக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. திரும்ப எழுப்புவதற்கு இன்னொரு நாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை, பேட்டரி ஒன்றைத் தவிர.

தொடக்கம் ஆயில் மாற்றுவதில். வண்டியை நன்றாக ஓட்டி, சூடு ஆறும் முன் பழைய ஆயிலை வடித்தால் மிதக்கும் அழுக்கும் அதோடு வெளியேறும். புதிய ஆயிலையும் புதிய ஃபில்டரையும் போட்டுச் சில நிமிடம் ஓட்டினால், புது ஆயில் எல்லா இடத்திலும் படர்ந்த நிலையில் எஞ்சின் உறங்கும். நிறுத்தப்போகும் வண்டிக்கு எதற்குப் புது ஆயில், எழுப்பும்போது மாற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் சிக்கனம் போலத் தோன்றும். அமிலம் அரிப்பது நிற்கும் காலத்தில்தான் என்பதால் கணக்கு நேர்மாறானது.

### எரிபொருள்: வடிப்பதா, நிரப்புவதா

டீசலுக்கு நிரப்புவதே சரி. பாதி காலியான தொட்டியில் பகல் வெப்பத்தில் காற்று விரிந்து வெளியேறும், இரவில் ஈரக்காற்று உள்ளே வரும், அந்த ஈரம் தொட்டிச் சுவரில் வியர்த்து அடியில் நீராகத் தேங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் பெருகி, கருமையான வழவழப்பான கசடாகி ஃபில்டரை அடைக்கும். முழுத் தொட்டியில் இதற்கு இடம் குறைவு. விரிவடைய மட்டும் சிறிது இடைவெளி விட்டால் போதும். தொட்டியை முழுதும் வடித்துவிட்டாலோ பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் காற்றும் ஈரமும் புகுந்து, நுண்ணிய இடைவெளியில் இயங்கும் அந்தப் பாகங்கள் துருவேறும். திரும்ப எழுப்பும்போது காற்றை வெளியேற்றும் வேலையும் சேரும். டீசலைச் சுத்தமாக, குளிர்ந்த நிலையில் வைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். பயோடீசல் கலந்தது ஈரத்தை அதிகம் ஈர்க்கும், சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் ஆறு மாதத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பெட்ரோலின் நிலை வேறு. அது மாதங்களிலேயே கெட்டு, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை உறிஞ்சி, ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே பிரிந்துவிடும். எனவே சிறிய எஞ்சின்களில் எரிபொருள் வால்வை மூடி, எஞ்சின் தானே அணையும்வரை ஓட்டி, கார்புரேட்டர் கிண்ணத்தில் எஞ்சியதையும் வடித்துவிடுவது பாதுகாப்பானது. பிளாஸ்டிக் தொட்டியானால் காலியாக விடலாம்; இரும்புத் தொட்டியானால் காலியாக இருப்பதே துருவுக்கு அழைப்பு, அங்கே புதிய பெட்ரோலில் நிலைநிறுத்தும் மருந்தைக் கலந்து நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டி அது எல்லாக் குழாய்க்கும் போன பிறகு நிறுத்துவது மேல். கெட்டுப்போன பெட்ரோலை அந்த மருந்து நல்லதாக்காது. அதைப் புதியதில்தான் கலக்க வேண்டும்.

இந்தச் சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிறு கரண்டி அளவு ஆயிலை உள்ளே விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெல்ல இழுத்துச் சுழற்றி, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் சிலிண்டர் உறங்கும். இந்த உபாயத்தை டீசல் எஞ்சினுக்கு யோசிக்காமல் கொண்டுபோகக் கூடாது. காற்று வழியில் தெளித்த ஆயிலையே டீசல் எஞ்சின் எரிபொருளாக்கிக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ஓடத் தொடங்கக்கூடும். ஓராண்டுக்கு மேல் நிறுத்துவதற்கான ஏற்பாடு அந்தந்த எஞ்சினின் கையேட்டில் சொல்லப்பட்டிருந்தால் அந்த அளவை மட்டும் பின்பற்றலாம்.

புகையின் நச்சைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்றும் புதிய டீசல் எஞ்சின்களில், அந்தக் கரைசலுக்கும் ஆயுள் உண்டு. 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத இடத்தில் ஓராண்டும், 35 டிகிரியில் ஆறு மாதமும்தான் அதை நம்பலாம். சாவியை அணைத்ததும் அது குழாய்களிலிருந்து தானே தொட்டிக்குத் திரும்பச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால் குழாயிலேயே தங்கி உப்பாகப் படிந்துவிடும்.

### பேட்டரி: கழற்றுவதா, சார்ஜரில் விடுவதா

வண்டியில் இருந்தாலும் அலமாரியில் இருந்தாலும் லெட் ஆசிட் பேட்டரி மாதத்துக்குச் சில சதவீதம் தானே இறங்கும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். முழு சார்ஜில் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது. உறைபனி விழும் இடங்களில் இறங்கிய பேட்டரியின் அமிலம் நீர்த்து, பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பேட்டரி வெடிப்பு விடும். முழு சார்ஜில் உள்ளது கடுங்குளிரையும் தாங்கும்.

மின்சாரம் நிலையாக இருக்கும் இடத்தில், நிரம்பியதும் தானே அடங்கும் சார்ஜரில் விட்டுவிடுவது எளிது. இல்லாவிட்டால் கழற்றி, முனைகளைச் சுத்தம் செய்து, மாதம் ஒருமுறையோ இருமாதத்துக்கு ஒருமுறையோ வோல்ட் பார்த்து ஏற்ற வேண்டும். முழு உறக்கம் என்ற வழியிலும் ஓர் ஆளின் கை தேவைப்படும் ஒரே இடம் இதுதான். ஆனால் பேட்டரியை வீட்டுக்கே எடுத்துவந்துவிடலாம் என்பதால் சிக்கல் குறைவு. சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்ற எச்சரிக்கை இன்னும் உலவுகிறது. பழைய காலத்து மர, ரப்பர் பெட்டிகளோடு அது முடிந்துபோனது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டல்ல.

### டயர், கிளட்ச், ஹைட்ராலிக்

ஓராண்டுக்கு மேல் நிற்கும் வண்டியின் அச்சை மரக்கட்டைகளில் தாங்கி, டயரில் சுமை விழாமல் வைப்பது நல்லது. கனமான அறுவடை இயந்திரத்தை மண் தரையில் தூக்கி நிறுத்துவதோ ஆபத்தான வேலை. அங்கே கையேடு அனுமதிக்கும் காற்றழுத்தத்தின் மேல்வரம்பு வரை காற்றடித்து, டயருக்கு அடியில் பலகை போட்டு நிறுத்துவதே விவேகம். வெயிலும், மோட்டார்களும் வெல்டிங்கும் உண்டாக்கும் ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காமல் இயங்கும் கிளட்ச்) உள்ள டிராக்டரில் பெடலை அழுத்தி, மரக்கட்டையோ கொக்கியோ வைத்து அந்த நிலையிலேயே பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. மறந்தால் வண்டியை இரண்டாகப் பிரிக்கும் வேலை. ஒருமுறை அதை மறந்து, டிராக்டரைப் பிரித்து ஒரு வாரம் பட்டறையில் விட்ட பிறகுதான் இதை நான் பட்டியலின் மேல்வரிசைக்குக் கொண்டுவந்தேன்.

ஹைட்ராலிக் சிலிண்டர்களின் பளபளப்பான தண்டுகளை முழுதும் உள்ளிழுத்து வைக்க வேண்டும். வெளியே நீண்டிருப்பவற்றின் மீது கிரீஸ் பூச வேண்டும். அந்தப் பளபளப்பில் துருப்புள்ளி விழுந்தால், எழுப்பும் நாளில் அது சீலை அறுத்துக் கசிவைத் தொடங்கிவைக்கும். தூக்கும் கைகளில் உள்ள கருவிகளைத் தரையில் இறக்கி வைப்பது பாதுகாப்புக்கும் அவசியம்.

ரேடியேட்டரில் வெறும் நீர் இருந்தால் அதை வடித்து கூலன்ட் ஊற்ற வேண்டும். உறையும்போது நீர் 9 சதவீதம் அளவுக்கு விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். உறைபனி இல்லாத இடத்திலும் வெறும் நீர் உள்ளிருந்து துருவேற்றும்.

### இடமும் மூடுதுணியும்

கூரை மட்டுமே உள்ள, பக்கங்கள் திறந்த கொட்டகை, ஈரத் தரையுள்ள மூடிய அறையைவிட மேலானது. மண் தரையிலிருந்து எழும் ஈரம் போக வழியில்லாமல் இரும்பிலேயே படியும். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டுவதிலும் இதே கோளாறு: மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது. காற்று போகும் துணியால் தளர்வாக மூடினால் போதும். உரமூட்டைகள் உள்ள அறையும் கால்நடைத் தொழுவமும் வேண்டாம். உரத்தூள் இரும்பையும், சாணமும் சிறுநீரும் விடும் அமோனியா மின்கம்பியின் செம்பையும் அரிக்கும்.

சைலன்சர் வாயையும் காற்று உள்ளிழுக்கும் வழியையும் ஈரமும் எலியும் புகாதபடி அடைத்து, அடைத்த இடங்களையும் கழற்றிய பாகங்களையும் ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எதுவும் நினைவிருக்காது. எழுப்புபவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

## வழி நான்கு: கைமாற்றுதல்

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படாத இயந்திரத்தை விற்பதோ, பொறுப்பான ஒருவருக்கு வாடகைக்கு விடுவதோ பெரும்பாலோர் பட்டியலில் இருப்பதில்லை. ஓடும் இயந்திரத்துக்கு நிற்பதன் நோய்கள் வராது என்பது இதன் பெரிய நன்மை. வாடகையில் தேய்மானமும் விபத்துப் பொறுப்பும் மறைமுகச் செலவுகள். யார் ஆயில் மாற்றுவது, உடைந்தால் யார் செலவு, காப்பீடு வாடகை ஓட்டத்தையும் ஏற்குமா என்பவற்றை எழுத்தில் வைக்காமல் கொடுக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நிழலில் விடுதல் | மாதந்தோறும் ஓட்டுதல் | முழு உறக்கம் | கைமாற்றுதல் |
|---|---|---|---|---|
| பொருந்தும் காலம் | 3 மாதம் வரை | ஓராண்டு வரை, ஆள் இருந்தால் | 4 மாதத்துக்கு மேல், ஆண்டுக்கணக்கிலும் | 2 ஆண்டுக்கு மேல் |
| தொடக்க வேலை | அரை நாள் | அரை நாள் | ஒன்றிரண்டு நாள் | பேச்சும் ஒப்பந்தமும் |
| இடையில் தேவைப்படும் கவனம் | அவ்வப்போது எலி பார்த்தல் | மாதம் ஒரு மணி நேரம், தவறாமல் | பேட்டரி மட்டும் | வாடகையானால் கண்காணிப்பு |
| திரும்ப எடுக்க ஆகும் நேரம் | ஓரிரு மணி | உடனே | ஒரு நாள் | திரும்பப் பெறும்வரை |
| மறைமுகச் செலவு | காலம் நீண்டால் ஆயில், பேட்டரி கேடு | எரிபொருள், ஓட்ட மணி, ஆளின் ஒழுங்கு | மறந்த ஒரு படி பெரிய பழுதாவது | தேய்மானம், விபத்துப் பொறுப்பு |
| தவிர்க்க வேண்டிய நிலை | உறைபனி, கூரையில்லாத இடம் | பொறுப்பான ஆள் இல்லாதபோது | எந்நேரமும் தேவைப்படலாம் என்றால் | நம்பிக்கையான கை இல்லையென்றால் |

## எஞ்சின் இல்லாத கருவிகள்

கலப்பை, ரோட்டவேட்டர், விதைக்கருவி, உரம் தூவும் கருவி ஆகியவற்றுக்கு ஓட்டி வைத்தல் என்ற வழியே கிடையாது. உரக்கருவியில் ஒட்டிய உரம் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்; பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூச வேண்டும். விதைக்கருவியில் ஒரு பிடி விதை மிஞ்சினால் எலி வந்துவிடும். கலப்பையின் வழவழப்பான மண்படும் பரப்புக்குக் கிரீஸோ துருத்தடுப்பு எண்ணெயோ பூசலாம். பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் பரவலாக இருந்தாலும் அதை நான் ஏற்பதில்லை: அமிலத்தைத் தவிர்க்கத்தான் எஞ்சினிலிருந்து அதை வடித்தோம், கலப்பையில் பூசினால் அடுத்த உழவில் அது நிலத்துக்கே போய்ச் சேரும்.

மருந்து தெளிப்பானின் பம்பிலும் குழாய்களிலும் நீர் தங்கக் கூடாது. மூன்று முறை கழுவி, நாசில்களையும் வடிகட்டிகளையும் கழற்றித் தனியே வைத்து, உறைபனி உள்ள இடமானால் புரொப்பிலீன் கிளைகால் கலந்த நீரைப் பம்பு வழியாக ஓட்டிவிட வேண்டும். அறுவடை இயந்திரத்தில் தானியம் தங்கும் கதவுகள் அனைத்தையும் திறந்து சுத்தம் செய்து, எலிக்கு உணவில்லாதபடி திறந்தே விட்டு, பெல்ட்டுகளைத் தளர்த்தி, செயின்களுக்கு எண்ணெய் விட வேண்டும்.

## மீண்டும் களத்துக்கு

திரும்ப எடுக்கும் நாளில் நான்கு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். மாதந்தோறும் ஓட்டிய வண்டிக்கு வழக்கமான காலைப் பரிசோதனை போதும். நிழலில் விட்ட வண்டிக்குப் பேட்டரி, டயர் காற்று, ஆயில், கூலன்ட், எலிக்கூடு ஆகியவற்றைப் பார்த்தால் போதும். வாடகையிலிருந்து திரும்பும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கணக்கையும் ஆயிலையும். முழு உறக்கத்திலிருந்து எழுப்புவதற்குத்தான் பொறுமை வேண்டும். களத்தில் வேலை தொடங்கும் நாளன்று அதைச் செய்யாமல், ஒரு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். உதிரிபாகம் எதுவும் தேவைப்பட்டால் வாங்க அந்த வாரம் வேண்டும்.

சாவியைத் தொடும் முன் அட்டையைப் படித்து, அடைத்தவற்றையெல்லாம் திறக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையும், ரேடியேட்டர் விசிறியைச் சுற்றியும், கேபின் அடியிலும் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிபட்ட கம்பி தெரிந்தால் பேட்டரியை இணைக்கக் கூடாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது, அதை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் நின்றிருந்தால் ஃபில்டரையே மாற்றுவது நல்லது. காற்று இறங்கிய டயருக்குக் காற்றடிக்கும்போது நீண்ட குழாயை மாட்டிவிட்டு, டயரின் பக்கச் சுவருக்கு எதிரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பேட்டரியில் நெகட்டிவைக் கடைசியாக இணைத்து, கிளட்ச் பூட்டை எடுத்து, எரிபொருளை நிறுத்தும் குமிழை இழுத்த நிலையிலேயே பத்துப் பதினைந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஆயில் பேரிங்குகளுக்கு ஏறிவிடும். டர்போ உள்ள எஞ்சினுக்கு இது இன்னும் அவசியம். ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டுப் பிறகு உண்மையாக ஸ்டார்ட் செய்து, பத்துப் பதினைந்து நொடிக்குள் ஆயில் அழுத்தம் காட்டாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். கிளம்ப மறுக்கும் எஞ்சினின் காற்று வழியில் ஈதர் என்ற, எளிதில் தீப்பற்றும் திரவத்தை அடிக்கும் பழக்கம் இருக்கிறது. சூடேற்றும் பிளக்கோ காற்றைச் சூடாக்கும் கம்பியோ உள்ள எஞ்சினில் அது உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

கிளம்பிய பிறகு சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, கீழே குனிந்து கசிவு பாருங்கள். காய்ந்த சீல்கள் முதல் சூட்டில் சற்றுக் கசிந்து பிறகு அடங்குவது உண்டு; சொட்டு சொட்டாக விழுந்தால் அடங்காது. வெட்டவெளியில் மெதுவாக ஓட்டி பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதித்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும். முதல் அரை நாள் இலகுவான வேலையே கொடுத்து, அன்று மாலை சக்கர நட்டுகளையும் பெல்ட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி சரிபார்த்து, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஆயிலும் கூலன்ட்டும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று பார்த்தபின் கனமான உழவுக்கு அனுப்பலாம்.